பருவமும் பாவலனும்

[இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்]



கலைஞனுக்குக் கரு எங்கிருந்து வருகின்றது என்னும் வினாவை இன்றைய பேச்சுக்குரிய பொருளாக எனக்குக் கொடுத்திருக்கின்றீர்கள். தெய்வம் அருளுவது என்பாரும் உளர். பிறவியிலேயே அமைவது என்பாரும் உளர். கற்ற நூல்களின் வழி வருவது என்பாரும் உளர். இவற்றுள் எதனையும் முற்றாக மறுக்க நான் வரவில்லை. நம் தமிழ்மொழி இவ்வினாவுக்குரிய விடையைத் தன் சொல்லொன்றிலேயே பொதிந்து வைத்திருக்கின்றது என்பதை மட்டும் எடுத்துக்காட்ட விழைகின்றேன்.

அச்சொல் 'பருவம்' என்பது. குழந்தைப் பருவம் என்கின்றோம். கார்ப் பருவம் என்கின்றோம். மாந்தன் வளரும் படிநிலைக்கும் ஆண்டு சுழலும் படிநிலைக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லைத்தான் ஆண்டனர். பயிர் பருவத்துக்கு வந்துவிட்டது என்று உழவர் சொல்வதும், பெண் பருவமெய்தினாள் என்று தாய்மார் சொல்வதும் இச்சொல்லைக் கொண்டே. பருத்தல், முற்றுதல் என்னும் பொருளோடு இதனை இணைத்துக் காண்பது பொருந்தும். வெளியே காலம் முற்றுகின்றது. உள்ளே உயிர் முற்றுகின்றது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கண்ட மொழி நம்முடையது. ஒருவன் தன் முதற்பருவத்தில், ஆண்டின் பருவங்கள் தன்மேல் வந்து மோதியபோது எவற்றைக் கண்டானோ, எச்சொற்களால் அவற்றை அறிந்தானோ, அவையே அவன் பின்னாளில் படைக்கும் கலைக்கு வித்து. இதுவே நான் சொல்ல வந்தது.

தொல்காப்பியரை நோக்குவோம். அகப்பாட்டின் பொருளை அவர் முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். கூடலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலுமாகிய உள்ளத்து நிகழ்ச்சிகள் உரிப்பொருள். சிறப்பால் அதுவே உயர்ந்தது. பாட்டின் உயிரும் அதுவே. ஆயினும் அதனை அவர் முதல் என்று கூறவில்லை. நிலத்தையும் பொழுதையுமே முதல் என்றார். நிலமும் பொழுதும் இல்லாமல் உள்ளத்து நிகழ்ச்சி வந்து நிற்பதற்கு இடமில்லை என்பது அவர் துணிபு.

பொழுதிலும் அவர் கண்ட நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர் நம்மவர். ஆவணியும் புரட்டாசியும், அதாவது மடங்கலும் கன்னியும், கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். பனியை முன், பின் என இரண்டாகப் பிரித்தவன் எத்தனை விடியற்காலைகளில் வயல் வரப்பில் நின்றிருக்க வேண்டும்! மாலையில் தொடங்கும் பனிக்கும், இரவின் கடைப்பகுதியில் இறங்கும் பனிக்கும் வேறுபாட்டைத் தோல் உணர்ந்தாலன்றிச் சொல் பிறவாது.

இன்னொன்றும் காண்க. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் என்று கருப்பொருள்களை அடுக்கி வருகின்ற தொல்காப்பியர் அவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கின்றார். முல்லைக்கொரு பறை, நெய்தற்கொரு பறை, ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பண். மரம் முளைத்தாற்போல, பறவை கூடு கட்டினாற்போல, இசையும் அந்நிலத்தில் அப்பொழுதில் விளைந்த விளைச்சல் என்று கருதியதால்தான் அவற்றை ஒரே வரிசையில் வைத்தார். கலை வானத்திலிருந்து குதித்ததன்று, மண்ணில் விளைந்தது. பிற்காலத்தில் இளங்கோவடிகள் இதனை இன்னும் ஒருபடி மேலே கொண்டு சென்றார். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்றார். பருவம் முதிர்ந்தே ஒரு நிலத்தைப் படைத்துவிடுகின்றது, பாருங்கள்!

இவை இலக்கணச் செய்திகள். இவை பாட்டில் எங்ஙனம் உயிர்பெறுகின்றன என்று பார்க்க வேண்டுமானால் நக்கீரனாரின் நெடுநல்வாடைக்குச் செல்ல வேண்டும். 188 அடிகளைக் கொண்ட அப்பாட்டின் முற்பகுதி முழுதும் கூதிர்க்காலம். அவர் குளிரை எங்ஙனம் காட்டுகின்றார்? வாடை கடிதாக வீசுகின்றது. மாடுகள் மேய்ச்சலை மறந்தன. குரங்குகள் கூனிக் குறுகின. பறவைகள் மரத்தினின்று விழுந்தன. கறவைகள் கன்றுகளை உதைத்துத் தள்ளின. அரசன் தலைநகருக்குள் வந்தால், ஞாயிறு தெரியாமையால் பொழுது அறிய மாட்டாத மகளிர், பூந்தட்டில் இட்ட மொட்டுகள் மலர்வதைக் கண்டு மாலை வந்தது என்று உணர்கின்றனர். வீட்டுப் புறாக்கள் இரவென்றும் பகலென்றும் தெரியாமல் ஒருகால் மாற்றி ஒருகால் நிற்கின்றன. வேனிலில் வீசிய வட்ட விசிறி மூடித் தொங்கவிடப்பட்டுச் சிலந்திக்கூடு படிந்து கிடக்கின்றது. குறுகிய வாயுடைய கன்னலில் இருக்கும் தண்ணீரை எவரும் நாடவில்லை. அகன்ற வாயுடைய தடாவின் நெருப்பையே நாடுகின்றனர்.

இக்காட்சிகளை ஒருமுறை நெஞ்சில் ஓட்டிப் பாருங்கள். கால் மாற்றி நிற்கும் புறா! விசிறியில் படிந்த சிலந்திக்கூடு! இவற்றை யார் பார்ப்பார்? வாணிகத்துக்கு ஓடுகின்றவன் பார்ப்பானா? போருக்குச் செல்கின்றவன் பார்ப்பானா? மழையால் வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் அடைபட்டு, செய்வதற்கொன்றும் இல்லாமல், கூரையின் கீழ் அண்ணாந்து கிடக்கும் சிறுவன் ஒருவனே பார்ப்பான். நக்கீரனாரின் இளமை வரலாறு நமக்குக் கிடைக்கவில்லை. கணக்காயனார் மகனார் என்பதற்கு மேல் அவரைப் பற்றி உறுதியாகச் சொல்வதற்கு மிகுதியில்லை. ஆயினும் பாட்டே சான்று. அரண்மனையைப் பாட வந்த பெரும்புலவரின் கண்ணுக்குள் ஒரு சிறுவனின் கண் இருந்தது என்றே நான் கருதுகின்றேன்.

இதற்கு மறுகரையில் நிற்பவர் தொடித்தலை விழுத்தண்டினார். பெயரே ஒரு வரலாறு! இயற்பெயர் மறைந்து, தாம் பாடிய ஊன்றுகோலே பெயராக நின்றுவிட்ட பாவலர் அவர். புறநானூற்றில் 243ஆம் பாட்டு அவருடையது. முதுமையெய்தி, பூண் கட்டிய கோலை ஊன்றி, இருமலுக்கு இடையே சில சொற்களைப் பேசும் நிலையில் அவர் எதை நினைக்கின்றார்? மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதை நினைக்கின்றார். குளிர்ந்த குளத்தில் மகளிரோடு கைகோத்து ஆடியதை நினைக்கின்றார். நீரின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்போர் வியக்கத் துடுமெனக் குதித்து, ஆழத்துக்குள் மூழ்கி, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்டியதை நினைக்கின்றார். அந்த இளமை எங்கே போயிற்று என்று இரங்குகின்றார். ஒரு வாழ்நாளில் அவர் கண்டிருக்கக்கூடிய அரசர் எத்தனை பேர்! பெற்றிருக்கக்கூடிய பரிசில் எத்தனை! அவற்றுள் ஒன்றும் அப்பாட்டில் வரவில்லை. கையில் அள்ளிய மணலே வந்தது. ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் அம்மணல் இன்னும் ஈரமாகவே இருக்கின்றது. குளத்தில் நீர் நிறைந்திருந்த பருவம் ஒன்றும், குதிக்கத் துணிந்த பருவம் ஒன்றும் ஒருங்கே கூடிய நொடி அது.

இங்கே ஒரு தடை எழலாம். கலைஞன் தான் நேரில் கண்டதைத்தான் பாட வேண்டுமா? முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் ஆயிற்றே. கடற்கரை நகரில் பிறந்தவர் காட்டையும் காரையும் பாடவில்லையா என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். விடை அப்பாட்டிலேயே இருக்கின்றது. 103 அடிகளைக் கொண்ட அப்பாட்டில் என் நெஞ்சை விட்டு அகலாத இடம், பெருமழை பெய்த மாலையில் தாய்ப்பசு வராமையால் கயிற்றில் கட்டுண்டு தவிக்கும் கன்றினைப் பார்த்து, குளிருக்குத் தோள்மேல் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆயர்மகள், உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்று ஆறுதல் சொல்லும் இடம். தலைவியின் பிரிவுத் துயர் முழுவதும் அந்தக் கன்றின் கழுத்துக் கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றது. கன்று பட்டினத்திலும் உண்டு. மழை பட்டினத்திலும் உண்டு. மற்றவற்றை மரபு அவர் கையில் கொடுத்தது. திணை மரபு என்பதுதான் என்ன? ஓர் இனம் முழுவதும் தன் பிள்ளைப் பருவத்தில் கண்டவற்றைத் திரட்டி வைத்த பொதுச்செல்வம். பட்டினத்தில் பிறந்தவனும் அதிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளலாம். அவனுக்கு அம்மொழி உரியதாக இருந்தால்!

சப்பானியரைப் பாருங்கள். 17 அசைகளால் இயலும் அவர்களுடைய குறும்பாவில் பருவத்தைச் சுட்டும் சொல் ஒன்று இடம்பெறுதல் மரபு. அத்தகைய சொற்களைப் பருவவாரியாகத் தொகுத்த நூல்களைப் பாவலர்கள் கையோடு வைத்துக்கொள்கின்றனர். அவர்கள் அதனைப் போற்றுகின்றனர். நாம் தொல்காப்பியத்தைத் தேர்வுக்கு முதல்நாள் மட்டும் புரட்டுகின்றோம்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2021இல் மறைந்த கி. இராசநாராயணன், கோவிற்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்தவர். அவர் நடை நம் தனித்தமிழ் நடையன்று. பேச்சு வழக்கை அப்படியே எழுத்தில் கொண்டுவந்தவர். நம்மில் சிலர் அதுகாரணமாகவே அவரைப் படியாது ஒதுக்கினர். அது நமக்கே இழப்பு. அவருடைய வீட்டு மொழியோ தெலுங்கு; ஆயினும் கரிசல் மண் அவருக்குத் தமிழையே ஊட்டியது. உயர்கல்வி பெறாத அவர், தாம் மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், ஒதுங்கிய இடத்திலும் பள்ளிக்கூடத்தைப் பாராமல் மழையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டதாகவும் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு. கேட்டோர் சிரித்தனர். சிரிப்பதற்கு மட்டுமா அது? அவருடைய படைப்புத்தொழிலுக்கு அதைவிடத் துல்லியமான விளக்கம் வேறில்லை!

கரிசல் என்பது வானம் பார்த்த நிலம். வேனிலில் வெடித்து வாய்பிளந்து கிடக்கும். முதல் மழைக்குக் குழைந்து காலைக் கவ்வும். அங்கே மழை பெய்தால் வாழ்வு. பொய்த்தால் ஊரைவிட்டுப் பெயர்வு. அங்கு வளரும் பிள்ளைக்கு முகிலின் நிறம் பொழுதுபோக்கன்று. வீட்டில் அடுப்பு எரியுமா என்பதன் முன்னறிவிப்பு. அந்தக் கண்ணோடு வளர்ந்தவருக்கு முதற்கதை அச்சேறிய 1958இல் அகவை முப்பதைக் கடந்திருந்தது. அதுவரை உள்ளே கிடந்து ஊறியவை பின்னர்க் 'கோபல்ல கிராமம்' முதலிய நெடுங்கதைகளாயின. அத்தோடு அவர் நிற்கவில்லை. கரிசல் மக்கள் வாயில் வழங்கிய சொற்களைத் திரட்டி 1982இல் சொல்லகராதி ஒன்றையும் வெளியிட்டார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய பணியை உழவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒருவர் செய்தார். அந்நூலைப் புரட்டுங்கள். நாம் அறைக்குள் அமர்ந்து ஆக்க முயலும் சொற்கள் பலவற்றுக்கு நிகரானவை அங்கே உயிரோடு உலவுவதைக் காண்பீர்கள்.

பாவேந்தர் பாரதிதாசனாரைப் பற்றி உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1891இல் புதுவையில் பிறந்தவர், 1944இல், ஐம்பது அகவையைக் கடந்து, 'அழகின் சிரிப்பு' என்னும் நூலைத் தந்தார். அதில் அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் எவை? கடல், தென்றல், குன்றம், ஆறு, ஆலமரம், புறாக்கள், கிளி, இருள். சிறுவன் ஒருவன் வீட்டு வாயிலிலும் ஊர் எல்லையிலும் நின்றே காணத்தக்கவை! அவ்வரிசையின் இறுதியில் அவர் தமிழை வைத்தார். கடலும் காற்றும் இருக்கும் வரிசையில் மொழியையும் ஓர் இயற்கைப் பொருளாகவே அவர் கண்டார் என்க.

இனி, நம் பிள்ளைகளைப் பார்ப்போம்.

கார்காலத்தின் முதல் மழைக்குப் பின் செம்மண் நிலத்தில் சிவந்த பட்டுத் துணியைக் கிள்ளிப் போட்டாற்போல் ஒரு சிற்றுயிர் ஊர்ந்து வரும். எங்கள் ஊரில் அதனைப் பட்டுப்பூச்சி என்போம். தம்பலப்பூச்சி என்று வழங்கும் ஊர்களும் உண்டு. தீப்பெட்டியில் புல்லை இட்டு அதனை வைத்து, யாருடையது பெரிது என்று போட்டியிட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பின்னர்ப் பள்ளியிறுதிப் படிப்பின்போது கழகப் பாட்டொன்றில் 'மூதாய்' என்ற சொல்லைக் கண்டு, உரையில் அதன் பொருளைத் தேடி, அது நான் தீப்பெட்டியில் அடைத்த அதே பூச்சிதான் என்று தெரிந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முல்லைநிலத்துப் பாவலன் கண்டதையே நானும் கண்டிருக்கின்றேன்! அந்த ஒரு நொடியில் எனக்குக் கழக இலக்கியம் பாடநூலாக இருப்பதை விட்டு வீட்டுச் சொத்தாயிற்று. பூச்சியைக் காணாமல் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் இது நிகழ்ந்திராது. சொல்லை அறியாமல் பூச்சியை மட்டும் கண்டிருந்தாலும் நிகழ்ந்திராது.

இன்றைய குழந்தைக்கு இரண்டும் இல்லை. நச்சு மருந்து தெளித்த நிலங்களில் அப்பூச்சியைத் தேடித்தான் காண வேண்டும். சொல்லோ அகரமுதலியில் உறங்குகின்றது.

ஆங்கிலவழிப் பள்ளிகளில் மழலைகள் ஒப்பிக்கும் ஒரு பாட்டை நீங்கள் அறிவீர்கள். மழையைப் பார்த்து, இன்று வேண்டா, போய்விடு, வேறொரு நாள் வா என்று விரட்டும் பாட்டு. ஓயாத தூறலில் நனையும் ஆங்கில நாட்டில் அப்பாட்டு இயல்பானது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இது எந்த நாடு? ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை ஐப்பசி முதலான சில திங்களின் வாடைப்பருவத்தையே நம்பிப் பெறும் நாடு. மழை வேண்டிக் கஞ்சி காய்ச்சி ஊற்றும் நாடு. திருவள்ளுவர் தம் நூலின் இரண்டாம் அதிகாரத்தையே வான்சிறப்புக்கு வைத்த நாடு. இந்நாட்டுப் பிள்ளையின் வாயில் முதன்முதலாக ஏற்றும் மழைப்பாட்டு, மழையை விரட்டும் பாட்டா?

இன்னொரு கொடுமையும் உண்டு. பருவங்கள் நான்கு என்று அக்குழந்தைகளுக்குச் சொல்லித் தருகின்றனர். அவற்றுள் ஒன்று ஐப்பசியையொட்டி வரும் இலையுதிர் காலம். படத்தில் மரங்கள் பழுப்பேறி இலை உதிர்க்கின்றன. பள்ளிப் பலகணிக்கு வெளியே பார்த்தாலோ மழையில் குளித்த வேம்பு கரும்பச்சையாகத் தழைத்து நிற்கின்றது! நம் வேம்பு இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். உதிர்ந்த கையோடு செந்தளிர் விட்டு, சித்திரையில் பூத்து நிற்கும். பின்பனியும் இளவேனிலும் கைகோக்கும் இடம் அது. பிள்ளையின் கண் ஒன்றைக் காண்கின்றது. வாய் வேறொன்றைச் சொல்கின்றது. மதிப்பெண் வாய்க்குத்தான் கிடைக்கின்றது. பத்தாண்டுகள் இப்படிப் பழகிய கண், இனிப் பார்த்துப் பயனில்லை என்று பார்ப்பதையே நிறுத்திக்கொள்ளும். பின்னர் அப்பிள்ளை தூரிகை எடுத்தால் எதனை வரையும்? காணாத பனிமலையையும், அதன் கீழே ஊசியிலை மரத்தையும், புகைபோக்கி வைத்த வீட்டையும் வரையும். நம் வீடுகளில் பிள்ளைகள் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் போய்ப் பாருங்கள்; நான் மிகைபடக் கூறவில்லை என்பது விளங்கும்.

தோழர்களே! நாம் பிறமொழிச் சொற்களை நீக்கி நல்ல தமிழ்ச்சொற்களை ஆக்கினோம். அப்பணி தொடர வேண்டியதே. ஆனால் ஒன்றை நமக்குள் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும். மின்பொறிகளுக்கும் அலுவலகங்களுக்கும் சொல் ஆக்கிய நாம், வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று நான்கு திசைக் காற்றுக்கும் இருந்த பெயர்களுள் மூன்றை நம் பிள்ளைகளின் வாயிலிருந்து நழுவவிட்டோம். தென்றல் மட்டும் தப்பியது. அதுவும் பெண்மக்களுக்கு இடும் பெயராகத் தப்பியது! வடக்கிருந்து வரும் காற்று உடம்பைத் துளைக்கும்போது இது வாடை என்று தாய் சொன்னால், அக்குழந்தைக்கு நெடுநல்வாடையின் வாயில் பாதி திறந்தாயிற்று. அகவை இருபதில் எந்தப் பேராசிரியராலும் அதனை அவ்வளவு எளிதாகத் திறக்க முடியாது.

அழகு வகுப்பும் ஓவிய வகுப்பும் வைத்தால் கலைஞர் உருவாவர் என்று எண்ணுகின்றோம். கோடு இழுக்கும் திறத்தை அங்கே பெறலாம். இழுப்பதற்குரிய பொருளை யார் கொடுப்பது? புரட்டாசி மாலையில் ஈசல் பறக்கும்போது பிள்ளையை வீட்டுப்பாடத்திலிருந்து அரைமணி நேரம் விடுவியுங்கள். மார்கழி விடியலில் கோலமிடும் தாய் அருகே அதனை உட்கார வையுங்கள்; புள்ளிகளுக்கிடையே கோடு வளைந்தோடும் அழகைவிடச் சிறந்த ஓவியப் பாடம் உண்டா? ஆடியில் காற்றாடி விடட்டும். கூடவே அக்காற்றின் பெயரும் தெரியட்டும்.

ஒன்றைச் சொல்லி அமைகின்றேன். நம் மேற்கு மலைகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. மலைவாழ் பழங்குடியினர் சிலர் தம் அகவையையே குறிஞ்சி பூத்த முறையைக் கொண்டு கணக்கிட்டனர் என்பர். 2018இல் தந்தையின் தோள்மேல் இருந்து அந்நீலத்தைக் கண்ட ஆறு அகவைக் குழந்தைக்கு, அடுத்து அது பூக்கும் 2030இல் பதினெட்டு நிரம்பியிருக்கும். அப்போது கோடைக்கானல் மலைக்குச் செல்லும் வாய்ப்புடையோர் பிள்ளைகளோடு செல்லுங்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்புவோர் கூட்டம் அங்கே மிகுதியாக இருக்கும். பெயர்ப்பலகை எம்மொழியில் இருக்குமோ அறியேன். நீங்கள் அச்செடியின் அருகே பிள்ளையை நிறுத்தி, இது குறிஞ்சி என்று சொல்லுங்கள். இம்மலைக்கும், இதன் கூதிருக்கும், தலைவனும் தலைவியும் கூடிய அந்த ஒழுக்கத்துக்கும் இப்பூவின் பெயரைத்தான் வைத்தனர் என்றும் சொல்லுங்கள். பிறகு சற்றுநேரம் ஒன்றும் பேசாமல் அதனைப் பார்க்க விடுங்கள்.